டெஸ்டட் சரிகை

ஆரணி பட்டு வியாபாரத்தில் ‘டெஸ்டட்’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. வெளியூர்க்காரர் காதில் விழுந்தால், சோதித்து முத்திரை குத்திய சரக்கு என்று நினைத்துக்கொள்வார். எங்களுக்கு அது நேர்மாறு. அசல் சரிகை என்றால் சிவப்புச் சாயமேற்றிய பட்டிழைமேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள். டெஸ்டட் சரிகையில் உள்ளே ஓடுவது செம்புக் கம்பி. வெள்ளி வெறும் பூச்சு. புதுச் சேலையில் இரண்டும் ஒன்றுபோல மின்னும். சுரண்டிப் பார்த்தால்தான் செம்பு சிவக்கும்.

2022 ஐப்பசியில் என் தங்கச்சி மகனுக்கு நான் சொன்ன பதில் அந்த ரகம்.

“மாமா, இந்த டெண்ட் மழைக்குத் தாங்குமா?”

“தாங்கும்டா. மொட்டை மாடியில கட்டி, ஹோஸ் வச்சு அரை மணி நேரம் தண்ணி அடிச்சுப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு உள்ள வரல.”

நான் ஹோஸ் வைக்கவில்லை. தண்ணீரும் அடிக்கவில்லை. எங்கள் மொட்டை மாடியில் குழாயே கிடையாது.

இதைச் சொல்லும்போது என் தொழிலையும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கூலிக்கு ஓடும் தறிகள் பன்னிரண்டு. தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு சேலையையும் நானே வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். எங்கே ஒரு இழை விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஊடை தளர்ந்திருக்கிறது, கரை எங்கே நெளிந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். பட்டு நூலில் சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்துவேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருண்டையாக உருகி ஒட்டினால் பாலியஸ்டர். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு தொங்கினாலும் என் மூக்கு ஒருமுறை பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. ஊரில் எனக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர் இருப்பது எனக்கே தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்டவன் மலையேறும் சாமான் வாங்கிக் குவித்த கதைக்கு ஆரம்பம் 2020 ஊரடங்கு. தறி நின்றுபோய், முகூர்த்தமெல்லாம் தள்ளிப்போய், கையில் போனோடு கிடந்த மாதங்கள். சென்னையிலிருந்து லடாக் போகிறவர்கள், ஜீப்பின் கூரையில் கூடாரம் கட்டித் தூங்குகிறவர்கள், பனியில் அடுப்பு பற்றவைத்து நூடுல்ஸ் கிண்டுகிறவர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாமும் ஒரு நாள் போவோம் என்று தோன்றியது. போவதற்கு முன்னால் சாமான் வேண்டுமே. நான்கு பேர் படுக்கும் கூடாரம், இரண்டு ஸ்லீப்பிங் பேக், மடக்கு நாற்காலி, சின்ன கேஸ் அடுப்பு, தலையில் மாட்டும் விளக்கு, தண்ணீர் வடிகட்டி, மடக்கு மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் வண்டி ஆரணியைத் தாண்டினால் அது காஞ்சிபுரம், பெங்களூரு சரக்கு விஷயமாகத்தான். ஜவ்வாது மலை வீட்டிலிருந்தே நீலமாகத் தெரியும். ஜமுனாமரத்தூருக்குக் கூட அதுவரை நான் ஒரு ராத்திரி தங்கப் போனதில்லை.

போகாவிட்டாலும் பேசினேன். கடைக்கு வரும் இளவட்டங்களிடம் ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி வகுப்பெடுத்தேன். உறையில் ‘மைனஸ் 5’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டி, இமயமலைக்கே தாங்கும் என்றேன். அந்த எண்ணின் அர்த்தத்தை மிகவும் பின்னால்தான் படித்தேன். ஐரோப்பாவில் 2005-இல் வந்த அளவுமுறையில் ஒரு பைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் சொல்வார்கள். சௌகரியமாகத் தூங்கக்கூடிய குளிர் ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர் ஒன்று. கடைசி எண், ஆறு மணி நேரம் உயிர் போகாமல் கிடக்கலாம் என்பதற்கு. மலிவுச் சரக்கில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணைத்தான். உயிர் போகாது என்று எழுதியிருந்ததை நான் சுகமான தூக்கம் என்று படித்து, நாலு பேருக்குப் பாடமும் சொல்லியிருந்தேன்.

கூடாரத்தில் ஏமாந்ததுதான் வேடிக்கை. அங்கே என்னைக் கவிழ்த்தது அறியாமையல்ல, என் தொழில் அறிவு.

பார்சல் வந்ததும் சீட்டைப் படித்தேன். 190டி, 68டெனியர், 1,500 மி.மீ. முதல் இரண்டும் எனக்குத் தாய்மொழி. 190டி என்றால் ஓர் அங்குலத்தில் பாவும் ஊடையுமாகச் சேர்த்து 190 இழை. டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அது. எங்கள் கோராப் பட்டு 20/22 டெனியர், அதை இழை சேர்த்து முறுக்கேற்றித்தான் தறிக்குக் கொண்டுபோகிறோம். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக் கூடாரத் துணியில் இழை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. நெசவு சீர். இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. “நல்ல துணி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூட்டை கட்டினேன். மூன்றாவது எண்ணை நான் பொருட்படுத்தவே இல்லை.

மழையைத் தடுப்பது அந்த மூன்றாவது எண்தான். துணியை விறைப்பாகப் பிடித்து அதன்மேல் தண்ணீரைத் தூண்போல ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் கீழே கசியத் தொடங்குகிறது என்ற கணக்கு அது. அதைத் தாங்குவது துணியின் ஒரு பக்கத்தில் மெல்லிசாகத் தடவிய பாலியூரித்தேன் பூச்சு. நூல் எத்தனை கெட்டியாக இருந்தாலும் இழைக்கு நடுவில் சந்து உண்டு, தண்ணீர் அந்தச் சந்தில் நுழையும். பூச்சுதான் சந்தை அடைக்கிறது. நான் நெசவைப் பார்த்தேன், பூச்சைப் பார்க்கவில்லை. சரிகை விஷயத்தில் யாராவது இப்படி மேலாகப் பார்த்துவிட்டு வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

அந்தக் கூடாரம் என்னிடம் இருந்த காலத்தில் ஒரே ஒரு முறைதான் விரிந்தது. 2021 தை மாதம், பிள்ளைகள் நச்சரித்ததால் மொட்டை மாடியில் கட்டினேன். போட்டோ எடுத்தோம். ராத்திரி அதிலேயே படுத்தோம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் வியர்த்து வழிந்ததால் எல்லோரும் வெளியே வந்து பாய் விரித்துப் படுத்தோம். ஆரணித் தை மாதத்தில் அந்தப் பையைச் சோதிப்பது, உப்புப் பார்க்கச் சர்க்கரைப் பொங்கலை நக்குகிற மாதிரி. விடியற்காலையில் துணியெல்லாம் பனி நனைத்திருந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது என்று ஈரத்தோடு சுருட்டி, பைக்குள் திணித்து, பரணில் போட்டேன். பரணுக்கு மேலே சிமென்ட் ஷீட். சித்திரை வெயிலில் அங்கே கை வைக்க முடியாது. இரண்டு கோடை அப்படியே கிடந்தது.

மருமகனும் மூன்று சிநேகிதர்களும் இரண்டு பைக்கில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பியபோது தங்கச்சிக்கு மனசே இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் போனதை அவள் மறக்கவில்லை. “காட்டுக்குள்ள போகலம்மா, தெரிஞ்சவங்க பட்டா நிலத்துலதான் தங்கறோம்” என்று அவன் சொல்லியும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, அந்த டெண்டை நீ பார்த்தியா? நீ சொன்னா அனுப்பறேன்.”

நான் பார்த்துவிட்டேன் என்றேன். ‘பூதக்கண்ணாடி’யே பார்த்துவிட்டான், அப்புறம் என்ன. அனுப்பினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ‘மழையில இன்னும் கட்டிப் பார்க்கல, இரு, நாளைக்குத் தண்ணி அடிச்சுப் பார்ப்போம்’ என்று சொல்லியிருந்தால், இவ்வளவு பேசிய மாமா ஒரு ராத்திரிகூட வெளியே படுக்காதவன் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்துபோகும். அந்த ஒரு கூச்சத்தை மறைக்கத்தான் இல்லாத ஹோஸும் இல்லாத அரை மணி நேரமும் வாயில் வந்தன. பொய்யில் கணக்கு வைத்துச் சொன்னேன் பாருங்கள், அரை மணி நேரம் என்று. வியாபாரியின் நாக்கு.

போளூர் வழியாக மலையேறி, சாமை அறுத்த நிலத்தில் கூடாரம் கட்டியிருக்கிறார்கள். பிரிக்கும்போதே துணி துணியோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்திரி உரிகிற மாதிரி வந்ததாம். புது ரகம் போல என்று நினைத்துக்கொண்டார்களாம். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. முதலில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தது. பிறகு தையல் வழியாகச் சொட்டியது. பிறகு கூரையே சல்லடை. தரைத்துணியில் முழங்கால் ஊன்றிய இடமெல்லாம் கீழிருந்து ஊறியது. ‘மைனஸ் 5’ இரண்டும் நனைந்த மூட்டை. இரண்டு மணிக்கு நால்வரில் ஒருவனுக்கு, செய்யாற்றுக்காரப் பையன், வீசிங் வந்துவிட்டது. அவனுடைய இன்ஹேலர் நனைந்த பையில் எங்கோ அடியில். நிலத்துக்காரர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, போர்வை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். விடிந்ததும் அவனைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து மலை இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள். பிழைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மருமகன் கூடாரத்தைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“நாங்கதான் மாமா சரியா கட்டல போல. நீங்க டெஸ்ட் பண்ணப்போ ஒரு சொட்டு வரலன்னீங்களே.”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்தான்.

“ஆமாடா. மேல்துணியை இழுத்துக் கட்டணும். உள்துணியில ஒட்டவே விடக்கூடாது. ஒட்டுச்சுன்னா தண்ணி இறங்கிடும்.”

சொன்னது தப்பில்லாத தகவல். அதைச் சொன்னது பெரிய தப்பு. மழையிலும் ஆஸ்பத்திரியிலும் பட்டதற்கு மேல், குற்றத்தையும் அவன் தலையிலேயே வைத்து அனுப்பினேன். பொய் சொன்ன அன்று எனக்கு விளைவு தெரியாது என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்தே செய்தேன்.

அவன் போனதும் பையைத் திறந்தேன். துவைத்தும் போகாத புளித்த வாந்தி நாற்றம். உள்பக்கம் விரல் வைத்தால் பிசுபிசு. கொஞ்சம் தேய்த்ததும் பாம்புச் சட்டை மாதிரி வெள்ளையாக உரிந்து வந்தது. ஈரமும் சூடும் சேர்ந்து அடைந்து கிடந்தால் பாலியூரித்தேன் பூச்சு உள்ளுக்குள்ளேயே அறுபட்டுச் சிதையும் என்று பின்னால் படித்தேன். படிக்காமலேயே அன்று எனக்குப் புரிந்துவிட்டது. கூடாரத்தைக் கெடுத்தது மழையுமில்லை, அவர்கள் கட்டிய விதமுமில்லை. தை மாதத்தில் ஈரத்தோடு நான் சுருட்டிப் போட்ட அந்த ஐந்து நிமிட அவசரம்.

அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் தறிக்காரர் ஒருவர் சேலை கொண்டுவந்தார். முந்தியில் நான்கு விரற்கடைக்கு ஊடை மாறியிருந்தது. “பார்த்துட்டேன் முதலாளி” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், “பார்க்காம பார்த்தேன்னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்காது” என்று கத்திவிட்டுக் கூலியில் பிடித்தேன். அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பிடித்த பணத்தை அப்புறம் தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு பழைய ஆளைப் பற்றிப் படித்ததும் என்னை உறுத்தியது. தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்று இங்கிலாந்தில் ஒரு தையற்காரர். சைக்கிளில் ஊர் சுற்றிக் கூடாரத்தில் தங்குகிற பழக்கத்துக்கு அங்கே அவரைத்தான் மூலபுருஷர் என்கிறார்கள். 1901-இல் அதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார், 1908-இல் முகாம் போடுவதற்கு ஒரு கையேடு எழுதினார். சைக்கிளில் கட்டி எடுத்துப்போகிற கனத்தில் அவர் தைத்த சின்னக் கூடாரங்கள் பட்டுத்துணியில் ஆனவை. அந்தக் காலத்து மலையேறிகளிலும் பட்டுக் கூடாரம் தூக்கிப்போனவர்கள் உண்டு. நைலான் 1938-இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது, அதுவரை கனமில்லாமல் வலுவாக இருக்க வேண்டிய துணிக்குப் பட்டுதான் கதி. எங்கள் ஊர்ச் சரக்கு அது! அந்தத் தையற்காரர் தான் தைத்ததில் தானே போய்ப் படுத்தார். பட்டிலேயே பிழைக்கிற நான், வாங்கியதை ஒரு ராத்திரி மழையில் கட்டிப் பார்க்காமல், அடுத்த வீட்டுப் பிள்ளையை உள்ளே படுக்க வைத்தேன்.

போன வருடம் இன்னொரு கூடாரம் வாங்கினேன், சின்னது. இந்தத் தடவை சோதனை நிஜம். கீழே மோட்டாரிலிருந்து மாடிக்கு ஹோஸ் இழுத்தேன். ஆணி அடிக்க மண் இல்லாததால் செங்கல்லில் கயிறு கட்டினேன். முதல் தடவை கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குச்சி எந்த உறையில் நுழைய வேண்டும் என்று தெரியாமல் தடுமாறினேன். வெளிச்சத்திலேயே கட்டத் தெரியாத நான்தான், அவர்கள் மலையில் இருட்டில் கட்டியதைக் குறை சொன்னவன்.

உள்ளே தரை முழுக்கப் பழைய நாளிதழ் விரித்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும். தையல் ஓடும் இடங்களுக்கு நேர்கீழாக இரண்டு மடிப்பு. ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டைதான். உள்ளிருந்து நாடா ஒட்டி அடைத்திருப்பார்கள், மூலையில்தான் ஒட்டு விலகும். தண்ணீரை நேராகப் பீய்ச்சாமல், மேலே தூக்கிப் பிடித்து மழை மாதிரி விழவிட்டேன். பிறகு தரையில் தண்ணீர் தேக்கி, உள்ளே போய் முழங்காலிட்டு உட்கார்ந்தேன், தாளில் ஈரம் ஏறுகிறதா என்று. ஒரு மூலையில் ஏறியது. துடைத்துப் பார்த்தேன், மறுபடி ஏறியது. துடைத்ததும் நிற்பது மூச்சுக்காற்றின் வியர்வை, துடைத்தும் வருவது கசிவு. அந்த மூலைக்குத் தையல் பசை தடவி, காயவிட்டு, மறுபடி அடித்தேன். எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வளவுதான் வேலை. அப்புறம் இரண்டு நாள் நிழலில் கொடியில் போட்டுக் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் பருத்திப் பையில் தளர்வாக வைத்தேன், பரணில் அல்ல, சேலை வைக்கும் அலமாரியின் அடித்தட்டில். வீட்டில் முறைத்தார்கள்.

அன்று பொங்கல் லீவில் வந்திருந்த மருமகன் மாடிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்படித்தான் அன்னைக்கும் பண்ணீங்களா மாமா?”

“இல்லடா. அன்னைக்கு ஒண்ணுமே பண்ணல.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ் பொய் என்பதை, பனியில் நனைத்துச் சுருட்டியதை, அவன் திருப்பிக் கொடுத்த அன்றே எனக்குக் காரணம் தெரியும் என்பதை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஹோஸைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்றேன்.”

“அவனுக்கு?”

எவனுக்கு என்று நான் கேட்கவில்லை.

“அவனுக்கு நீங்கதான் மாமா சொல்லணும். இன்னைக்கு வரைக்கும் அவன் என்னைத்தான் சொல்றான், டெண்ட் கட்டத் தெரியாதவன்னு. எல்லார் முன்னாடியும் சொல்றான். நானும் சிரிச்சுக்கறேன்.”

தங்கச்சியிடம் அன்று ராத்திரியே சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மறுநாள் வழக்கம்போலத்தான் பேசினாள். ஆனால் எந்தச் சாமானைப் பற்றியும் ‘நீ பார்த்தியா அண்ணா’ என்று அதற்கப்புறம் என்னிடம் கேட்டதில்லை.

செய்யாற்றுப் பையன் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நம்பர் என் போனில் இருக்கிறது. இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் மணி போய்க்கொண்டிருக்கும்போதே நானே கட் செய்துவிட்டேன். அவன் போனில் என் கடைப்பெயர் வந்திருக்க வேண்டும். நேற்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறான்: “மிஸ்டு கால் பார்த்தேன் அங்கிள். வைகாசியில எனக்குக் கல்யாணம், அவன் சொல்லியிருப்பான். முகூர்த்தச் சேலை உங்ககிட்டதான் எடுக்கணும்னு அம்மா சொல்றாங்க. நல்ல சரிகையா, நீங்களே பார்த்து எடுத்து வைங்க.”

இன்னும் பதில் போடவில்லை.